இருமல் வராத தரை

உமி சரிப்படவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போடியில் கோழி வளர்க்கிற யாரைக் கேட்டாலும் தரையில் உமியைப் போடு என்றுதான் சொல்வார்கள். அரிசி மில்லில் மூட்டையாகவே கிடைக்கும், லேசாக இருக்கும், தூக்குவது சுலபம். நானும் அதைத்தான் போட்டிருந்தேன். ஆனால் கோழி காலால் கிளறும்போது உமியோடு ஒட்டிய தவிட்டுத் தூள் எழும்பும். காலை வெயில் கம்பிவலை வழியாக விழுகிற நேரத்தில் அது மிதப்பது கண்ணுக்கே தெரியும். நல்ல நெஞ்சு உள்ளவர்களுக்கு அது ஒரு பொருட்டே அல்ல.

மலையில் ஓர் எஸ்டேட்டின் ஏலக்காய் ஸ்டோரில் காய் உலர்த்துவது என் வேலையாக இருந்தது. பச்சைக் காயைத் தட்டுகளில் பரப்பி, விறகை மூட்டி, சூடு ஏறாமலும் இறங்காமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். உலர்ந்ததும் காயைத் தேய்த்துச் சலித்து மூட்டை பிடிக்க வேண்டும். வாலிபத்தில் ஏறிப் போனவன் ஐம்பதைத் தாண்டித்தான் கீழே இறங்கினேன். முதலில் மேடு ஏறினால் மூச்சு வாங்கியது. பிறகு பேசினாலே வாங்கியது. தேனியில் டாக்டர் என் நெஞ்சுப் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, புகையும் தூசியும் இனிமேல் ஆகாது என்றார். வீட்டில் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார். கோழி வளர்க்கிறேன் என்றேன். அவர் என்னை விட்டுவிட்டு என் மனைவியைப் பார்த்தார்.

பஸ்சில் வீடு திரும்பினோம். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான் சொன்னாள்.

“கோழியைக் குடுத்துருவோம்.”

நான் முடியாது என்றேன். பகலில் அவள் தையல் மெஷினில் உட்கார்ந்துவிடுவாள். மகள் திருப்பூரில் குடும்பத்தோடு இருக்கிறாள். காலையில் எழுந்தால் எனக்கென்று இருந்த சோலி பின்கட்டில் அந்தத் தகரக் கொட்டகைதான். கதவைத் திறந்துவிடுவது, பெருக்குவது, தண்ணீர் மாற்றுவது, முட்டை எடுப்பது. இதையும் கொடுத்துவிட்டால் கட்டிலில் படுத்துக்கொண்டு சுவரைப் பார்க்க வேண்டியதுதான்.

இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்த பிறகு ஓர் ஏற்பாட்டுக்கு வந்தோம். எனக்கு இருமல் வராத மாதிரி ஒரு தரையை நான் கண்டுபிடிக்க வேண்டும். கார்த்திகை மழை முடிகிறவரை எனக்குத் தவணை. முடியாவிட்டால் கோழிகள் சந்தைக்குப் போகும். சரி என்றேன். அப்போது புரட்டாசி.

எதையும் வரிசையாகச் செய்துதான் எனக்குப் பழக்கம். கொட்டகையின் பாதியில் புதியதைப் பரப்புவேன். உள்ளே நின்று பெருக்கிவிட்டு வெளியே வந்ததும் நெஞ்சு எப்படி இருக்கிறது என்று டைரியில் எழுதுவேன். மரத்தூள் கோதுமை மாவு மாதிரி இருந்தது. பெருக்கி முடிப்பதற்குள் வெளியே வந்துவிட்டேன். தேங்காய் நார்க்கழிவு முதல் வாரம் அருமையாக இருந்தது. காலுக்கு மெத்தென்று, தூசியே இல்லாமல். மழை ஆரம்பித்ததும் அது ஈரத்தை இழுத்துவைத்துக்கொண்டது. எச்சமும் ஈரமும் சேர்ந்து கண் எரிகிற ஒரு நெடி கிளம்பி, அது தூசியைவிட மோசமாகத் தொண்டையைப் பிடித்தது. வெயிலில் காயப்போட்டால் தூளாகிவிடுகிறது. ஆசாரியின் பட்டறையில் மரம் இழைத்த சுருள் கிடைத்தது. தேடியதெல்லாம் அதுதான் என்று நினைத்தேன். ஆனால் இப்போதெல்லாம் பட்டறையில் மரம் இழைப்பது எப்போதாவதுதான், மற்றபடி பலகையை அளவுக்கு அறுத்து ஒட்டுகிற வேலை. ஒரு சாக்கு நிறைவதற்கு அவர் சொன்ன நாளைக் கேட்டுவிட்டுத் திரும்பி வந்தேன். மாமரத்துச் சருகையும் போட்டுப் பார்த்தேன். கோழிகள் அதை நான்கே நாளில் பொடியாக்கின.

ஒவ்வொரு தடவையும் பழையதை அள்ளி வெளியே கொட்டிவிட்டுப் புதியதை உள்ளே கொண்டுபோக வேண்டும். ஒரு கூடைக்கு ஒருமுறை உட்கார்ந்து எழுந்திருப்பேன். ஐப்பசி பாதியிலேயே எனக்கு அலுத்துவிட்டது. கோழிகள்மேல் இருந்த ஆசைகூடக் கொஞ்சம் தேய்ந்தது. ஆனாலும் விட மனமில்லை.

அப்போதுதான் ஏலக்காய்க் காம்பு நினைவுக்கு வந்தது. காயைத் தேய்த்துச் சலிக்கும்போது காம்பும் காய்ந்த பூவும் குவியலாக விழும். மேலே அதைக் குப்பையில்தான் கொட்டுவார்கள். பழைய எஸ்டேட்டுக்கு ஆள் ஏற்றிப் போகிற ஜீப்பு டிரைவரிடம் சொல்லிவிட்டேன். எங்களுக்குள் சொந்தம் எதுவும் இல்லை, மாமா மாப்ளே என்று கூப்பிட்டே பழகிவிட்டோம். மறுவாரம் ஒரு பெரிய சாக்கை வாசலில் இறக்கினான்.

“எதுக்கு மாமா இது?”

கோழிக்குக் கீழே போட என்றேன். சாக்கை ஒருமுறை பார்த்தான், என்னை ஒருமுறை பார்த்தான்.

“எங்க மாமனார் வீட்ல எனக்குக் கோரைப்பாயிதான் மாமா போட்டாக. உங்க கோழிக்கு வந்த வாழ்வு.”

பரப்பிய அன்று பின்கட்டு முழுவதும் மணத்தது. பக்கத்து வீட்டு அம்மா சுவருக்கு மேலே தலையை நீட்டி, இன்றைக்கு என்ன விசேஷம், பாயசமா என்று கேட்டார். நான் கொட்டகைக்குள் போய் நின்றேன். என் வாழ்நாளில் பெரும்பகுதி மூச்சு விட்டது இந்த வாசனைக்குள்தான். இவ்வளவு காலம் பழகியது என்னை என்ன செய்துவிடும் என்று நினைத்தேன். உண்மையில், நெஞ்சுக்குள் ஏற்கெனவே உட்கார்ந்திருந்ததே அதுதான். எனக்கு அது அப்போது உறைக்கவில்லை.

அன்று இருமல் கொஞ்சம்தான் வந்தது. மறுநாள் கூடியது. அதற்கு மறுநாளிலிருந்து பெருக்கி முடித்ததும் சட்டையை மாட்டிக்கொண்டு தெருமுனை டீக்கடைக்குப் போக ஆரம்பித்தேன். கடைக்குப் பின்னால் நின்று இருமி முடித்து, ஒரு டீயும் குடித்துவிட்டு, மூச்சு சமப்பட்ட பிறகு வீட்டுக்கு வருவேன். டைரியில் ‘பரவாயில்லை’ என்று எழுதினேன்.

ஒரு வாரம் இப்படிப் போயிருக்கும். ஒருநாள் டீக்கடையிலிருந்து வந்தபோது தையல் மெஷின் சத்தம் கேட்கவில்லை. பின்கட்டுக்குப் போனேன். அவள் முகத்தைத் துண்டால் கட்டிக்கொண்டு கொட்டகைக்குள் நின்றாள். ஏலக்காய்க் காம்பு முழுவதையும் அள்ளி வாழைமரத்தடியில் கொட்டியிருந்தாள். கோழிகள் மூலையில் ஒண்டிக்கொண்டு கத்தின.

“எப்பருந்து கடை டீ குடிக்கிறீங்க?” என்றாள்.

நான் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டேன்.

“வீட்ல இருமுனா எனக்குக் கேட்டுரும்னு தெருவுக்குப் போயி இருமிட்டு வர்றீங்க. தெருவுல போறவுக எல்லாம் வந்து எங்கிட்டக் கேக்குறாக.”

சந்தை எந்தக் கிழமை என்று மனம் தானாகக் கணக்குப் போட்டது. சரி, கொண்டுபோய்க் கொடுத்துவிடு என்று சொன்னேன். அதைச் சொல்லும்போது வருத்தத்தைவிட ஓய்ச்சல்தான் அதிகம் இருந்தது. உட்கார்ந்தால் போதும் என்று இருந்தது.

அவள் துண்டைக் கழுத்துக்கு இறக்கினாள்.

“கோழி எங்கயும் போகல. நீங்கதான் இனிமே உள்ள போகப் போறதில்ல.”

மதியம் பக்கத்துத் தெருவில் வீடு கட்டி முடித்தவர்களிடம் கேட்டு, மிச்சம் கிடந்த பருமணலைச் சட்டியில் கொண்டுவந்தாள். தூள் போக அலசி, ஈரம் வடியவிட்டுப் பரப்பினாள். மணலை நான் முன்பே யோசித்து, என்னால் தூக்க முடியாது என்பதற்காகத் தள்ளி வைத்திருந்தேன். மழைக்காலத்தில் குளிர்ந்துவிடும், கனம் வேறு என்று வலைக்கு வெளியே நின்று சொன்னேன்.

“தூக்குறவளுக்குத் தெரியாத கனமா?” என்றாள்.

மணல் நன்றாகத்தான் இருக்கிறது. தண்ணீர் வடிந்துவிடுகிறது, நெடி இல்லை. காலையில் மெஷினில் உட்காருவதற்கு முன் அவள் எச்சத்தை மட்டும் சல்லடையால் அரித்து எடுத்துவிடுகிறாள். ஏற்கெனவே அவளுக்கு இருக்கிற வேலைகளோடு இதுவும் சேர்ந்துவிட்டது. முதுகைப் பிடித்துக்கொண்டு நிமிர்வதைப் பார்க்கிறேன். கேட்டால் ஒன்றுமில்லை என்கிறாள். அவள் சொல்கிற ‘ஒன்றுமில்லை’ எந்த ரகம் என்று எனக்குத் தெரியும்.

நான் காற்று வருகிற பக்கமாக நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறேன். ஆரம்பத்தில் என் குரல் கேட்டால் கோழிகள் வலையருகே ஓடி வந்து தலையைச் சாய்த்துப் பார்க்கும். இப்போது அவள் காலடி கேட்டால்தான் ஓடுகின்றன. அவளுக்குக் கோழி என்றாலே பிடிக்காது. ஒவ்வொன்றாகப் பெயர் வைத்துத் திட்டிக்கொண்டு தண்ணீர் ஊற்றுகிறாள். எல்லாம் முடிந்ததும் வலைக் கதவைச் சாத்திவிட்டு, முட்டையைக் கொண்டுவந்து என் கையில் கொடுக்கிறாள். நான் அதில் ஒட்டியிருக்கிற மணலைத் துடைத்து வைக்கிறேன்.