அத்தை கால் நீட்டிய காலம்

நான் மூன்றாம் வகுப்பு படித்த வருஷம், எங்கள் பெஹாலா வீட்டில் காலைக் காப்பி தினமும் தாமதமாகத்தான் வந்தது. காரணம் அத்தை. அப்பாவின் அக்கா, கல்யாணம் செய்துகொள்ளாமல் எங்களோடு இருந்தாள். அலிப்பூரில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் வேலை. நாளெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்ததில் இடுப்புவலி வந்து, குனிந்து ஒரு வாளியைக்கூடத் தூக்க முடியாமல் போயிருந்தது. வி.ஆர்.எஸ். வாங்கிக்கொண்டு கோயம்புத்தூருக்கு வந்துவிடட்டும், தான் பார்த்துக்கொள்வதாகப் பெரியப்பா போனில் சொல்லிக்கொண்டே இருந்தார். அப்பாவும் அதுதான் சரி என்றார். அத்தையை யாரும் கேட்டதாக நினைவில்லை.

அத்தை தானாகவே பாலிகஞ்சில் ஒரு பிசியோதெரபி அம்மாவைப் போய்ப் பார்த்தாள். இடுப்பில் பெரிய கோளாறு இல்லை, தொடையின் பின்பக்கத் தசை இறுகிப்போய் இடுப்பைப் பிடித்து இழுக்கிறது, அதைத் தளர்த்த வேண்டும் என்று அந்த அம்மா சொன்னாராம்.

"வலி இடுப்புல, வைத்தியம் காலுக்கா?" என்று அப்பா சிரித்தார்.

மறுநாளே அத்தை ஆரம்பித்துவிட்டாள். சமையலறை வாசலில் மல்லாந்து படுத்து, ஒரு காலைக் கதவுநிலையில் சாய்த்து உயர்த்தி, இன்னொரு காலை வாசல் வழியே உள்ளே நீட்டிக்கொள்வாள். தசை இழுபடுவது தெரிந்தால் போதும், வலிக்கக் கூடாது. அப்படியே நிதானமாக மூச்சுவிட்டுக்கொண்டு கிடக்க வேண்டும். எங்கள் சின்ன வீட்டில் அதற்கு வேறு இடமில்லை. படுத்திருப்பவரைத் தாண்டக் கூடாது என்பாள் அம்மா. ஆகவே காப்பியோடு அவள் உள்ளே நிற்பாள், காப்பியில்லாமல் அப்பா வெளியே நிற்பார். அப்பாவின் பெருமூச்சுக்கெல்லாம் அத்தை அவசரப்பட்டதே இல்லை.

முதலில் அந்தக் கால் நிமிரவே மறுத்தது. முழங்கால் மடங்கி மடங்கி நின்றது. மழைக்காலம் முடிவதற்குள் நிலையோடு நிலையாக ஒட்டி நின்றது. அப்படி ஒரு பிடிவாதத்தை நான் அதற்குப் பிறகு அதிகம் பேரிடம் பார்த்ததில்லை.

துர்கா பூஜை விடுமுறைக்குப் பெரியப்பா வந்தார், திரும்பிப் போவதற்கு இரண்டு டிக்கெட்டோடு. சப்தமி சாயங்காலம் எல்லோரும் தெருத்தெருவாக அம்மன் பந்தல்களைப் பார்க்கக் கிளம்பினோம். கூட்டத்தில் நின்று நின்று நகர வேண்டியிருந்தது. அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு முன்னால் போனாள். பெரியப்பாதான் முதலில் ஓய்ந்து, பூட்டிய கடையொன்றின் படியில் உட்கார்ந்தார். அத்தை தண்ணீர் வாங்கிவந்து கொடுத்தாள். பிறகு சட்டென்று குனிந்து, அவிழ்ந்திருந்த அவருடைய ஷூ கயிற்றைக் கட்டிவிட்டாள்.

"இன்னும் பார்க்க வேண்டியது நிறைய இருக்கு அண்ணா. வர்றியா, இங்கயே இருக்கியா?"

பெரியப்பா ஷூவில் விழுந்த முடிச்சையும் அவளையும் மாறிமாறிப் பார்த்தார். "நீ பார்த்துட்டு வா" என்றார்.

மறுநாள் காலையில் அவர் அப்பாவிடம் சொன்னார்: "அவ டிக்கெட்டைக் கேன்சல் பண்ணிடுடா."

அத்தை எழுந்து அறைக்குப் போனாள். பின்னாலேயே போய்ப் பார்த்தேன். கட்டிலில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். நேற்று அவ்வளவு நடந்ததில் வலி திரும்பிவிட்டது என்று முடிவு செய்து, ஓடிப்போய்த் தைலத்தை எடுத்துவந்தேன். அத்தை வேண்டாம் என்று சொல்லவில்லை. முதுகைத் திருப்பிக் கொடுத்தாள். பிஞ்சுக் கையால் முடிந்தமட்டும் அழுத்தித் தேய்த்தேன். கொஞ்ச நேரத்தில் அழுகை நின்றது.

அத்தையின் இடுப்பைக் குணப்படுத்தியது நான்தான் என்று ரொம்ப நாள் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.