ஊறுகாய் பாட்டிலில் ஒரு ஈயச் சொம்பு

கடலில் மூழ்கிய கப்பல்களிலிருந்து எடுத்துவரும் உலோகப் பொருட்களைச் சுத்தம் செய்து காப்பாற்றுவதுதான் என் மனைவிக்கு வேலை. அப்படிப்பட்டவள், கல்யாணமாகிக் காஞ்சிபுரம் வந்த முதல் வாரமே, அம்மா ரசம் வைக்கும் ஈயச் சொம்பை வெறுமனே அடுப்பில் ஏற்றிவிட்டுப் புளி கரைக்கத் திரும்பினாள். உள்ளே தண்ணீர் இல்லாமல் ஈயம் எப்படித் தாங்கும்? சொம்பு உருகி அடுப்பெல்லாம் வழிந்துவிட்டது.

அது அம்மாவுக்குப் பிறந்த வீட்டுச் சீர். இரண்டு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை. அவளோடு பேசுவதையே நிறுத்திவிட்டார். பக்கத்தில் நிற்கிறவளைச் சாப்பிடக் கூப்பிடும்படி என்னிடம் சொல்வார். தறி நாடா போல நான் இருவருக்கும் நடுவே போய்வந்தேன். எரிச்சலாக வந்தது. அவள் முகத்தைப் பார்த்தால் பாவமாகவும் இருந்தது.

உருகி இறுகிய கட்டியை அவள் தூக்கிப் போடவில்லை. ஊறுகாய் பாட்டிலில் கல்லுப்புத் தண்ணீர் ஊற்றி, அதில் போட்டு ஜன்னலில் வைத்தாள். ஈயச் சொம்பு என்று சொன்னாலும் அது வெள்ளீயமாம். கப்பலோடு மூழ்கிக் கடலில் கிடக்கும் வெள்ளீயத்தின் மேல் அபுரைட் என்று ஓர் அபூர்வக் கனிமம் படியுமாம், கண்ணாடிச் சில்லு மாதிரி. இங்கே வருமா என்று கேட்டேன். வராது, ஆனால் குப்பையில் போட மனசு கேட்கவில்லை என்றாள். அம்மா அரிசி களைந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

பிறகு வேலையாக அவள் ராமேஸ்வரம் பக்கம் போனாள். பாட்டிலில் தண்ணீர் குறைந்தபோதெல்லாம் அம்மா உப்புக் கரைத்து ஊற்றினார். ஏன் என்றதற்கு, இல்லாவிட்டால் நாறும் என்றார். நானும் நம்பியதாகக் காட்டிக்கொண்டேன்.

ஒருநாள் காலையில் அவளை வீடியோவில் கூப்பிடச் சொல்லி, போனைக் கையில் வாங்கிக்கொண்டார்.

"வெள்ளையா பூத்துக்கினு இருக்குதுமா. நீ சொன்னதுதானான்னு பாரு."

பாட்டில் கழுத்தில் காய்ந்திருந்த வெறும் உப்பு. எனக்கே தெரிந்தது. அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. வேலை விஷயத்தில் அவளுக்குப் பொய் வராது.

"உப்புதான் அத்தை. அப்படியே இருக்கட்டும், துடைச்சிடாதீங்க. நான் வந்து பாக்குறேன்."

"வாமா. ராஜ வீதியில புதுச் சொம்பு வாங்கி வச்சிருக்கேன்" என்றார் அம்மா. அது எனக்கே புதுச் செய்தி. "மொதல்ல புளித்தண்ணிய ஊத்து. அப்புறமா அடுப்புல வை."