ரெமிஸியோன் பெற்றவள்

முதலியார்பேட்டையில் தம்பி வீட்டில் வந்திறங்கிய மறுநாள், பக்கத்தில் புதிதாகக் குடிவந்த பெண் மதில்மேல் எட்டிப் பார்த்து, "சுருட்டை சூப்பரா இருக்குக்கா, எந்த பார்லர்?" என்றாள். கீமோவில் மொட்டையாகி, மறுபடி முளைத்தபோது தானாகச் சுருண்ட முடி இது. பார்லர் பெயரைச் சொன்னால் அவளுக்கு மயக்கமே வந்துவிடும். நான் குடியிருக்கும் பாரிஸ் புறநகரில் மொட்டைத் தலையோடு பஸ் ஏறினாலும் ஒருவரும் கேட்க மாட்டார்கள், ஜன்னலைப் பார்த்துக்கொள்வார்கள். அதற்கு நாகரிகம் என்று பெயர்.

விஷயம் தெரிந்தவர்கள் இன்னும் மோசம். எனக்கு ரத்தப் புற்றுநோய் என்ற செய்தி எனக்கு முன்பே ஊர் வந்து சேர்ந்திருந்தது. தம்பி மனைவி மரி என்னைக் கறிவேப்பிலை உருவக்கூட விடவில்லை. சாத்துக்குடியோடு வந்தவர்கள், நான் ஏற்கெனவே மாலை போட்டுச் சுவரில் தொங்குவதுபோல் குரலைத் தாழ்த்திப் பேசினார்கள். எனக்கு எரிச்சலாக வந்தது. அத்தனை பாடுபட்டுப் பிழைத்ததே திரும்பவும் சாதாரண மனுஷியாக நடமாடத்தான்.

பாரிஸ் ஆஸ்பத்திரியில் ஐந்து வாரம் தனியறையில் கிடந்தேன். முகம் தெரியாத யாரோ தந்த ஸ்டெம் செல்லை ஏற்றினார்கள். கடைசியில் டாக்டரிடம், குணமாகிவிட்டதா என்று கேட்டேன். "ரெமிஸியோன், மதாம்" என்றார். நோய் இப்போதைக்குக் கண்ணில் படவில்லை, அவ்வளவுதான். குணம் என்ற சொல்லை அவர் வாயிலிருந்து பிடுங்க முடியவில்லை. அந்த ஒரு சொல்லையே ஊரிலிருந்த சித்தப்பாவுக்குப் போனில் சொன்னேன்.

சித்தப்பா பழைய சொல்தா. பிரெஞ்சு ராணுவ பென்ஷன் வாங்குபவர். அவருடைய பிரெஞ்சு பாதி பட்டாளத்தில், பாதி மாதா கோயிலில் கற்றது. கோயில் ஜெபத்தில் ரெமிஸியோன் என்றால் பாவமன்னிப்பு. நோயோடு என் பாவமும் தீர்ந்தது என்று நம்பி, நன்றிப் பூசைக்கு எழுதிக் கொடுத்துவிட்டார் மனிதர். ஞாயிறன்று ஃபாதர் மைக்கில் வாசித்தார்: "பிரான்சில் பாவமன்னிப்பு பெற்றுத் திரும்பியிருக்கும் தெரேசுக்காக..." கோயிலே திரும்பி என்னைப் பார்த்தது.

வெளியே வந்ததும் மரி அழாத குறை. "மானமே போச்சுக்கா. ஃபாதர்கிட்ட விஷயத்த சொல்லிட்டு வந்துடறேன்."

"சும்மா இரு மரி. இத்தினி நாளா என்னைப் பொணமா பாத்தாங்க. இன்னைக்குத்தான் பொம்பளையா பாக்கறாங்க."

உண்மைதான். என்ன பாவம், யாரோடு என்று வாசலில் ஒரு கூட்டமே கிசுகிசுத்துக்கொண்டிருந்தது. ஒருவரும் குரலைத் தாழ்த்தி உடம்பு எப்படி என்று கேட்கவில்லை. எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

சித்தப்பா மட்டும் என் கையைப் பிடித்துக்கொண்டு தெருமுனைவரை நடந்தார். "என்ன பாவம்னு நான் கேக்க மாட்டேம்மா. ஒண்ணு மட்டும் சொல்லு. குடுத்த ரெமிஸியோன திருப்பி வாங்கிட மாட்டாங்களே?"

மூன்று மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டு, டாக்டரிடம் நான் கேட்கப் பயப்படும் கேள்வி அதுதான். அங்கே எப்போது வேண்டுமானாலும் திருப்பி வாங்கிவிடலாம். சித்தப்பாவின் ஆண்டவர் கொடுத்ததைத் திருப்பிக் கேட்பதில்லை.

"மாட்டாங்க சித்தப்பா" என்றேன்.

அடுத்த மாதம் பரிசோதனைக்குப் பாரிஸ் போக வேண்டும். டாக்டர் மறுபடி அந்தச் சொல்லைச் சொன்னால், அது முதலியார்பேட்டை அர்த்தத்தில் என் காதில் விழ வேண்டும் என்று ஆசையாக இருக்கிறது.