நாலாய் உடைத்த குளிசை

என் கணவர் விழுந்த இரவில் நான் பக்கத்துக் கட்டிலில் நித்திரையாக இருந்தேன். அவர் கூப்பிட்டிருக்கிறார். நான் எழும்பவில்லை.

விடியப்புறம் பள்ளிவாசலில் பாங்கு சொல்லும்போதுதான் கண் விழித்தேன். அவருடைய கட்டில் வெறுமையாகக் கிடந்தது. குளியலறை வாசலில், கால்மிதியைச் சுருட்டித் தலைக்கு வைத்துக்கொண்டு தரையில் படுத்திருந்தார். வலக்கை மணிக்கட்டு வீங்கிக் கன்றிப் போயிருந்தது.

"எப்ப விழுந்தனீங்கள்?"

"ரெண்டு மணி இருக்கும்."

"என்னைக் கூப்பிட்டிருக்கலாமே?"

"கூப்பிட்டனான். நாலைஞ்சு தரம். நீர் நல்ல நித்திரை. பாவமெண்டு விட்டிட்டன்."

அவர் ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். "பாவம்" என்றதைத்தான் தாங்க முடியவில்லை. நான் கொண்டது நித்திரையே அல்ல, நித்திரைக் குளிசையின் மயக்கம் என்று அவருக்கும் தெரியும்.

அவருக்குச் சீனி வருத்தம். துறைமுகத்தில் இயந்திரங்கள் திருத்தும் வேலை செய்தவர். இப்படி விழுவதற்கு ஐந்து வருடங்களுக்கு முன் இடது காலில் மூன்று விரல்களை வெட்டி எடுத்தார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த புதிதில் இரவில் சீனி திடீரென்று இறங்கிவிடும். உடம்பெல்லாம் வியர்த்து நடுங்குவார். மணிக்கொரு தரம் எழும்பி அவருடைய நெற்றியைத் தொட்டுப் பார்ப்பேன். பிறகு மருந்தை மாற்றினார்கள், அவர் நிம்மதியாகத் தூங்கத் தொடங்கினார். எனக்குத்தான் அந்த விழிப்பு போகவில்லை. காணிக் கந்தோரில் எனக்கு எழுத்து வேலை. ஒருநாள் கட்டைபறிச்சானில் உள்ள ஒருவரின் காணி உறுதியை வேறொருவரின் கோப்பில் வைத்துக் கட்டிவிட்டேன். அது கண்டுபிடிக்கப்பட்ட அன்று பின்னேரம்தான் தனியார் டொக்டர் ஒருவரிடம் போனேன். இரண்டு கிழமைக்கு, பதினாலே நாளைக்கு மட்டும் என்று சொல்லித்தான் அவர் அந்தச் சிறிய வெள்ளைக் குளிசையை எழுதித் தந்தார்.

முதல் இரவு தலையணையில் தலை வைத்தது மட்டும்தான் ஞாபகம். இரண்டு கிழமை நாலு வருடமாயிற்று. பாமசியில் என்னிடம் டொக்டரின் துண்டு கேட்பதையே விட்டுவிட்டார்கள்.

கணவரின் கைக்கு மாவுக்கட்டுப் போட்டு வந்த அன்றே, வீட்டிலிருந்த குளிசை எல்லாவற்றையும் மலசலகூடத்தில் கொட்டித் தண்ணீர் ஊற்றினேன். பெரிய காரியம் செய்த எண்ணம் எனக்கு. மூன்றாம் நாள் கந்தோரில் பேனையைப் பிடிக்க ஏலாமல் கை உதறியது. நெஞ்சு படபடவென்று அடித்தது. சுவரில் இல்லாத எறும்புகள் ஊர்ந்தன. கூட வேலை செய்தவர்கள் ஓட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கிருந்து என்னை மனநலக் கிளினிக்குக்கு மாற்றினார்கள். அந்த வரிசையில் இருந்தபோது சேலைத் தலைப்பால் முகத்தை மறைத்துக்கொண்டேன் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

"ஏன் ஒரேயடியா நிப்பாட்டினீங்கள்? வலிப்பு வந்திருந்தா?" என்று கேட்டார் அங்கிருந்த பெண் டொக்டர்.

"எனக்கு அது இனி வேண்டாம், டொக்டர்."

"வேண்டாமெண்டுதான் நானும் சொல்லுறன். ஆனா கொஞ்சம் கொஞ்சமாத்தான் விடோணும். மாதக்கணக்காகும்."

மறுபடி முழுக் குளிசையில் தொடங்கினோம். பிறகு முக்கால், அதன்பின் அரை. பகலில் படுக்கக் கூடாது, மத்தியானத்துக்குப் பிறகு தேத்தண்ணி கூடாது, நித்திரை வராவிட்டால் கட்டிலில் உருண்டுகொண்டு கிடக்கக் கூடாது, எந்த இரவானாலும் காலையில் ஒரே நேரத்துக்கு எழும்ப வேண்டும். இவ்வளவுதான் அவர் சொன்னது. கேட்க லேசாக இருந்தது.

குளிசை போட்ட தகரப் பேணியைக் கணவரிடம் கொடுத்து வைத்தேன். சவர அலகால் நான் வெட்டுவேன். துண்டுகள் ஒருபோதும் சமமாக வராது. ஒவ்வொரு இரவும் அவர் பேணியைத் திறந்து நீட்டுவார்.

"பெரிசைத் தேடாதையும்," என்பார்.

தேடத்தான் செய்தேன்.

ஒரு மணியிலிருந்து நாலு மணிவரை முன் விறாந்தைக் கதிரையில் இருப்பேன். துறைமுகத்து விளக்குகள் எரியும், குடாவுக்கு அப்பால் மூதூர்ப் பக்கம் மங்கலாக நாலைந்து வெளிச்சம். கேற்றுக்கு வெளியே ஊருக்குள் திரியும் மான்கள் வந்து, யாரோ வீசிய வாழையிலையைக் கறகறவென்று தின்னும். அழகான காட்சி என்று யாரும் நினைக்கலாம். எனக்கு அந்த மான்களின் மேல் கோபம் வந்தது. எல்லாவற்றின் மேலும் வந்தது. பகலில் குக்கர் விசில் கேட்டாலே அழுகை வந்துவிடும். ஒரு நல்லது மட்டும் இருந்தது. மாவுக்கட்டோடு தடியை ஊன்ற ஏலாத அவரை இரவில் குளியலறைக்குக் கூட்டிப்போக நான் விழித்திருந்தேன்.

அரையிலிருந்து கால் குளிசைக்கு இறங்கிய கிழமைதான் மிக மோசம். தொடர்ந்து ஐந்து இரவுகள் ஒரு மணித்தியாலம்கூடக் கண் மூடவில்லை. ஆறாம் இரவு அவர் முன்னால் போய் நின்றேன்.

"ஒரு முழுக் குளிசை தாங்கோ. இண்டைக்கு மட்டும்."

"ஏலாது. நீர்தானே தரவேண்டாமெண்டு சொன்னனீர்."

"இப்ப நான்தானே கேக்கிறன்!"

அவர் பேணியைத் தலையணைக்குக் கீழே செருகினார். அது என்னை எங்கேயோ தள்ளியது.

"அண்டைக்கு நீங்கள் விழாம இருந்திருந்தா எனக்கு இந்தக் கதி வந்திருக்குமா?" என்று கத்தினேன்.

அவர் தலையணைக்குக் கீழிருந்து பேணியை எடுத்துக் கட்டிலில் வைத்தார். "இந்தாரும். வேணுமெண்டா நீரே எடும். நான் என்ர கையால தரமாட்டன்."

எடுத்தேன். வெட்டாத குளிசை ஒன்றை எடுத்து, தண்ணீர்கூட இல்லாமல் விழுங்கினேன்.

காலையில் வெயில் ஏறிய பிறகுதான் எழும்பினேன். அவர் கட்டிலில் சுவர்ப் பக்கம் திரும்பிக் கிடந்தார். விரிப்பு இடுப்பிலிருந்து கீழே நனைந்திருந்தது.

"தண்ணி குடிக்கேக்க ஊத்துண்டிட்டுது," என்றார் திரும்பாமல்.

தண்ணீர்க் குவளை குசினி அடுப்படியில் இருந்தது. இரவு முழுவதும் குசினியில்தான் இருந்திருக்கிறது. "சாரத்தை மாத்துங்கோ" என்று புதுச் சாரம் ஒன்றை நீட்டிவிட்டு, விரிப்பை உருவிக் கிணற்றடிக்குக் கொண்டுபோனேன். அதைத் தோய்க்கும்போது சவர்க்கார நுரைக்குள் கை வைத்தபடி வெகுநேரம் குந்தியிருந்தேன். நாற்பத்தெட்டு வயது வரை என்னைப் பொறுப்பான மனுசி என்று நம்பியிருந்தவள் நான்.

அன்றிரவு பேணியை மறுபடி அவரிடம் கொடுத்தேன். முதல்நாள் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. "நான் எப்பிடிக் கத்தினாலும் தராதையுங்கோ. வெளியில வையாதையுங்கோ," என்றேன். "ஓம்," என்றார். அதற்குப் பிறகும் இரண்டு தரம் கத்தினேன். இரண்டு தரமும் பேணி வெளியே வரவில்லை.

டொக்டர் மறுபடி அரைக்கு ஏற்றி, இன்னும் மெல்ல இறக்கினார். கடைசிக் கால் துண்டைப் போட்டு ஏழு மாதமாகிறது. நித்திரை பழையபடி வரவில்லை. சில இரவு நாலு மணித்தியாலம், நல்ல இரவென்றால் ஐந்து. கிழமையில் ஒருநாள் ஒன்றுமேயில்லை. அப்படியான நாட்களில் கந்தோரில் ஒவ்வொரு உறுதியையும் மூன்று தரம் பார்த்துத்தான் கட்டுகிறேன்.

போன மாதம் கந்தோரில் என்னைவிட இளைய ஒருத்தி, மத்தியானச் சாப்பாட்டு நேரம் பக்கத்தில் வந்திருந்தாள். கண்ணுக்குக் கீழே கருவளையம்.

"அக்கா, நீங்கள் முந்திப் போட்ட குளிசை... பேரை மட்டும் சொல்லுங்கோவன்."

நான் எல்லாவற்றையும் சொன்னேன். கால்மிதி, எறும்புகள், நனைந்த விரிப்பு. அதுவரை யாரிடமும் சொல்லாதவை. சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்காமலே கேட்டுக்கொண்டிருந்தாள். கண் கலங்கினாள். கடைசியில் மெதுவாகக் கேட்டாள்:

"அப்ப போட்ட முதல் நாளே நித்திரை வந்ததோ, அக்கா?"

"ஓம்," என்றேன். பொய் சொல்ல முடியவில்லை. குளிசையின் பெயரைச் சொல்லவில்லை. கிளினிக் எந்த நாள் என்று சொல்லி, நானும் கூட வருகிறேன் என்றேன். "பாப்பம், அக்கா," என்று எழும்பிப் போனாள். இன்றுவரை அந்தக் கதையை அவள் எடுக்கவில்லை.