தங்கச்சியின் கை தெளிவாகத் தெரியணும்

போன வருடம் ஆனி மாதக் கடைசி. குற்றாலத்தில் சாரல் விழுந்து, அருவியில் நல்ல தண்ணீர். தென்காசியில் ஒரு மாடி ஆபீசுக்கு, வீட்டுக்கு நெட் கனெக்‌ஷன் கேட்கப் போயிருந்தேன். அங்கே நடந்ததைத்தான் எழுதுகிறேன். நான் ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தேன். நாலு பேர் இருக்கிற இடத்தில் வாய் திறக்கவே கூச்சப்படுவேன். எழுதுகிறதில் தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்குப் பிறந்த ஊர் செங்கோட்டைப் பக்கம். கட்டிக்கொடுத்தது இலஞ்சியில். வீட்டுக்காரர் காலமாகிவிட்டார். ஒரே மகன் பட்டாளத்தில் இருக்கிறான். தென்னந்தோப்பை ஒட்டின வீட்டில் நான் மட்டும்தான். மும்பையில் எனக்கு ஒரு தங்கை இருக்கிறாள். அவளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் வராது. பள்ளிக்கூடத்துக்கும் அனுப்பவில்லை.

ஆனால் நானும் அவளும் பேசாத பேச்சு கிடையாது. எல்லாம் கையால்தான். யாரும் சொல்லித் தரவில்லை, சின்ன வயதில் நாங்களே உண்டாக்கிக்கொண்டோம். மூக்குத்தி இருக்கிற இடத்தைத் தொட்டால் அம்மா. என் இடது புருவத்தில் ஒரு தழும்பு உண்டு. அவள் தன் புருவத்தைத் தொட்டால் அக்கா. உச்சந்தலையிலிருந்து கையை வழித்து இறக்கித் தோளைச் சிலிர்த்தால் அருவி. விளக்கை அணைத்துவிட்டால் கை தெரியாது அல்லவா? அதற்கும் ஒன்று வைத்திருந்தோம். இருட்டில் அவள் உள்ளங்கையை நீட்டுவாள். நான் அதில் இரண்டு முறை தட்டுவேன். நான் இங்கனதான் இருக்கேன் என்று அர்த்தம். தட்டினால்தான் அவளுக்குத் தூக்கம் வரும்.

அவள் மும்பைக்குப் போன பிறகு கடிதமும் உதவவில்லை, போனும் உதவவில்லை. படிக்கவும் தெரியாது, கேட்கவும் முடியாது. அம்மா இறந்தபோது ஒரு முறை வந்தாள், அவ்வளவுதான். பிறகு என் மகன் ஒரு டச் போன் வாங்கித் தந்தான். முகம் பார்த்துப் பேசலாம் என்றான். அங்கே தங்கை மகள் போனைப் பிடித்துக்கொள்ள, இத்தனை வருடம் கழித்து அவள் கைகளைப் பார்த்தேன். தோல் சுருங்கியிருந்தது. ஆட்டுகிற விதம் மாறவே இல்லை.

சீசன் வந்தால்தான் கஷ்டம். ஊர் பூராவும் வெளியூர்க் கூட்டம். எல்லார் கையிலும் போன். என் போனில் நெட் இழுக்காது. மற்றவர்களுக்குப் படம் நின்றாலும் குரல் வரும், பேசி முடித்துவிடுவார்கள். எங்களுக்குப் படம்தான் பேச்சு. ஒரு நாள் அவள் ஏதோ சொல்ல ஆரம்பித்தாள். கை நெஞ்சுக்கு நேரே வந்து அப்படியே நின்றுவிட்டது. படம் திரும்ப வந்தபோது கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நடுவில் என்ன சொன்னாள் என்று தெரியவில்லை. மகளிடம் கேட்டேன். "எனக்குப் புரியலயே பெரியம்மா, இது உங்க ரெண்டு பேருக்குள்ள உள்ளது," என்றாள். தங்கையிடமே அந்தப் பேச்சைத் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டேன். ஒன்றுமில்லை என்று கையை விரித்துவிட்டாள்.

மகனிடம் சொன்னேன். வீட்டுக்கே லைன் போட்டுவிடலாம், பக்கத்து வீட்டில் இருக்கிறதையே போட்டுக்கொள் என்றான். பக்கத்து வீட்டு அம்மாவை நான் மதினி என்பேன், அவளும் என்னை மதினி என்பாள். வாய் ஓயாது. நல்ல மனசு.

"எங்க லைன்ல சீரியலெல்லாம் சும்மா தண்ணி மாரி ஓடுது மதினி. ஒரு நாள் வந்து பேசிப் பாருங்க," என்றாள்.

போய்ப் பார்த்தேன். ஆட்கள் பார்க்க வேண்டாம் என்று பின்கட்டு அறையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். தங்கை கை எனக்குத் தெளிவாகவே வந்தது. ஆனால் நான் எது சொன்னாலும் அவள் புருவத்தைச் சுருக்கி, என்ன, என்ன என்றே கேட்டுக்கொண்டிருந்தாள். என் கை அங்கே போய்ச் சேரவில்லை. வெளியே இருந்து மதினி சத்தம் போட்டாள்.

"என்ன மதினி, உள்ள போயி அரை மணி நேரமாச்சி, ஒரு சத்தத்தையும் காணும்? சாமியா கும்பிடுதிய?"

லைன் சரியில்லை என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். உண்மையைச் சொல்லவில்லை. முப்பது வருடமாகப் பக்கத்து வீட்டில் இருக்கிறவளுக்கு என் தங்கைக்கு வாய் பேச வராது என்பது தெரியாது. எனக்கு மாப்பிள்ளை பார்த்தபோதே வீட்டுப் பெரியவர்கள் அதை வெளியே விடாதே என்று சொல்லிவிட்டார்கள். பெண் குடும்பத்தில் குறை இருக்கிறது என்று சம்பந்தம் கலைந்துவிடுமாம். கல்யாணத்துக்குப் பிறகு வீட்டுக்காரருக்கும் மாமியாருக்கும் தெரிந்தது, அவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. நான்தான் மறைப்பதை விடவில்லை.

ஒரு காலையில் மதினியே என்னைத் தென்காசிக்கு இழுத்துக்கொண்டு போனாள். வேறு கம்பெனி பார்ப்போம் என்றாள். முதல் இடத்தில் ஒரு தம்பி, நூறு, இருநூறு, முந்நூறு என்று வேகத்தை ஒப்பித்தார். மதினி எத்தனை சேனல் இலவசம் என்று கேட்டாள். நான் தலையை ஆட்டிக்கொண்டு நின்றேன். வெளியே வந்ததும், "என்ன மதினி, பொண்ணு பாக்க வந்த எடத்துல நிக்க மாரி நிக்கிய?" என்று கேலி செய்தாள்.

இரண்டாவது இடம்தான் அந்த மாடி ஆபீஸ். ஏழெட்டுப் பேர் காத்திருந்தார்கள். ஐந்தருவி பக்கம் லாட்ஜ் வைத்திருக்கிற அண்ணாச்சி ஒருத்தர், பெரிய மீசை, சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். "அருவில குளிக்க வந்தவன் ரூமுக்குள்ள கெடந்துக்கிட்டு நெட்டு வரலன்னு என் உசுர எடுக்கான். குளிக்க வந்தியா, படம் பாக்க வந்தியாலேன்னு கேட்டா, ரெண்டுக்குந்தான்ங்கான்!"

மேசையில் ஒரு பெண் பிள்ளை இருந்தாள். மதினி சேனல் கணக்கை ஆரம்பித்தாள். அந்தப் பிள்ளை அதைக் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பியது.

"லைன் உங்களுக்குத்தான ஆச்சி? நீங்க நெட்டுல என்ன செய்வீங்க?"

இதுவரை யாரும் என்னிடம் அப்படிக் கேட்கவில்லை. பேச என்றேன். பேச மட்டுமென்றால் இவ்வளவு பெரிய லைன் தேவையில்லையே, போனே போதுமே என்றாள். அதற்கு மேல் மறைத்தால் வந்த காரியம் நடக்காது. தலையைக் குனிந்துகொண்டு சொன்னேன். "என் தங்கச்சிக்கு வாய் பேச வராது. கையாலதான் பேசணும். அவ கை எனக்குத் தெரியணும், என் கை அவளுக்குத் தெரியணும். நின்னு நின்னு வந்தா பேச்சு அத்துப் போகுது."

மதினி என்னையே பார்த்தாள். அவள் வாயடைத்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அந்தப் பிள்ளை நாற்காலியை இழுத்துப் போட்டு எனக்குப் புரிகிற மாதிரிச் சொன்னது. "நெட்டுல வாற வழி ஒண்ணு ஆச்சி, போற வழி ஒண்ணு. சீரியல் பாக்க வாற வழி மட்டும் பெருசா இருந்தாப் போதும். அதனால சில லைன்ல போற வழி சின்னதா இருக்கும். உங்களுக்கு ரெண்டும் ஒரே அளவுல வேணும். எந்தக் கம்பெனியில போட்டாலும் இதக் கேட்டு வாங்குங்க. எங்க லைன்ல இருக்கு, ஆனா என் வார்த்தைய நம்பாதீங்க. இங்கயே தங்கச்சியக் கூப்பிட்டுப் பாத்துட்டு முடிவு பண்ணுங்க."

என் போனை ஆபீஸ் நெட்டில் போட்டு, மேசையில் ஒரு டப்பா மேல் சாய்த்து வைத்தாள். அத்தனை பேர் முன்னால் நான் எப்படிக் கையை ஆட்டுவேன்?

தங்கை வந்தாள். முகத்தில் வைத்திருந்த திருநீறு வரை தெரிந்தது. என்னைக் கண்டதும் புருவத்தைத் தொட்டாள். நான் கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு சும்மா சிரித்தேன். அவள் இன்னொன்று சொல்லக் கையைத் தூக்கினாள். அப்போதுதான் என் முதுகுக்குப் பின்னால் ஆட்கள் நிற்பதைப் பார்த்திருக்கிறாள். தூக்கின கையை மெதுவாகக் கீழே இறக்கி மடியில் வைத்துக்கொண்டாள். சுற்றி ஆள் இருந்தால் அக்காவுக்குப் பிடிக்காது என்று அவளுக்குத் தெரியும்.

அது அவளுக்கு எப்படித் தெரியும் என்பதைச் சொல்ல வேண்டும். நாற்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. கல்யாணமாகி அவள் மும்பைக்குப் புறப்பட்ட நாள். தென்காசி பஸ் ஸ்டாண்டில் திருநெல்வேலி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். ஊரைவிட்டே போகிறாள், பாஷை தெரியாத ஊர், அவளுக்கு எந்தப் பாஷையும் தெரியாது. பயம். கையைக் கையை ஆட்டி என்னிடம் ஏதேதோ கேட்டாள். பக்கத்தில் நின்ற பையன்கள் அவளைப் போலவே ஆட்டிக் காட்டிச் சிரித்தார்கள். அங்கே இலஞ்சிக்காரர்கள் நாலைந்து பேர், என்னைத் தெரிந்தவர்கள், பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் கண்ணால் அவளை அதட்டினேன், கையைக் கீழே போடு என்று. அவள் ஆட்டுவதை நிறுத்தினாள். பஸ் கிளம்பப் போகும்போது ஜன்னல் கம்பி வழியாக உள்ளங்கையை மட்டும் நீட்டினாள். இரண்டு தட்டு, அவ்வளவுதான் கேட்டாள். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றேன். பஸ் போய்விட்டது. அம்மா சாவுக்கு வந்தபோது பக்கத்திலேயே படுத்திருந்தாள். ஆனால் உள்ளங்கையை நீட்டவில்லை.

ஆபீசில் அவள் கையை மடியில் வைத்ததைப் பார்த்ததும் முந்தானையை உதறிவிட்டு இரண்டு கையையும் தூக்கினேன். புருவத்தைத் தொட்டேன், அவளைக் காட்டினேன், அருவியைக் காட்டினேன், தண்ணீர் நிறைய என்று காட்டினேன். தங்கை கண்ணை அகல விரித்தாள். என் பின்னால் இருக்கிறவர்களைக் காட்டி, பரவாயில்லையா என்று கேட்டாள். இருக்கட்டும் என்று கையை வீசினேன். பிறகு அவள் கை நிற்கவே இல்லை.

பின்னால் லாட்ஜ் அண்ணாச்சியின் குரல் கேட்டது. இந்த முறை சத்தமாக இல்லை. "ஏய், ஜன்னல மறைக்காம இங்கிட்டு வாங்கப்பா. ஆச்சி கை மேல வெளிச்சம் விழட்டும்." எல்லாரும் ஒதுங்கினார்கள். அவரே ஜன்னல் திரையை விலக்கிவிட்டுப் போய் எனக்கு எதிர்ப்பக்கம் நின்றுகொண்டார்.

முடிக்கிற நேரம். தங்கை என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு உள்ளங்கையை விரித்து போனுக்கு நேரே நீட்டினாள்.

நான் யோசிக்கவே இல்லை. கண்ணாடியில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டேன். விரல் எதிலோ பட்டு, போனின் பின்பக்கக் கேமராவுக்கு மாறிவிட்டது. என் முகம் போய், அங்கே அவளுக்கு லாட்ஜ் அண்ணாச்சியின் மீசை தெரிந்ததாம். தங்கை திடுக்கிட்டுக் கையை இழுத்து, பிறகு வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். அண்ணாச்சி போனைப் பார்த்துக் கும்பிடு போட்டார். ஆபீஸே சிரித்தது. யாரும் எங்களைக் கேலி செய்து சிரிக்கவில்லை. எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது.

திரும்பி வருகிற பஸ்ஸில் மதினி பாதி வழியில் என் பக்கம் திரும்பினாள். "முப்பது வருசமா எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல பாத்தியளா. நான் என்ன ஊருக்குத் தண்டோராவா போட்டுருவேன்?" என்றாள். அவளே யோசித்துப் பார்த்து, "போடத்தான் செஞ்சிருப்பேன்," என்றாள். இப்போது அவளும் சாயங்காலம் வந்து உட்கார்ந்துகொள்கிறாள். அவள் நெற்றியில் பெரிய பொட்டு வைப்பாள். தங்கை தன் நெற்றியில் ஒரு வட்டம் போட்டால் மதினி எங்கே என்று அர்த்தம்.

அந்தக் கம்பெனியிலேயே லைன் போட்டோம். தென்னை மட்டை விழுந்தால் வயர் அறுந்துவிடும் என்று, மரத்து வழியாக இழுக்காமல் சுவரோடு ஒட்டிக் கொண்டுவந்தார்கள். கிணற்றடி வரை நெட் எடுக்கிறது. சாரல் விழுந்தால் போனை அங்கே கொண்டுபோய் அவளுக்குக் காட்டுவேன். அவள் தோளைச் சிலிர்த்துக்கொள்வாள். இப்போது ஒரு வார்த்தைகூட அறுவதில்லை. அன்று படம் நின்றுபோன நேரத்தில் என்ன சொன்னாள் என்று மறுபடியும் கேட்டேன். ஊருக்கு வரணும் என்று சொன்னாளாம். அவளுக்கும் முட்டு வலி, எனக்கும் முட்டு வலி. இரண்டு பேரும் வந்துவிட்டுப் போகிற தூரமா அது?

தினமும் பேச்சு முடியும்போது அவள் உள்ளங்கையை நீட்டுகிறாள். கண்ணாடியில் தட்டினால் ஏதாவது ஆகிவிடும் என்று நான் என் கையிலேயே இரண்டு முறை தட்டிக் காட்டுகிறேன். போனை வைத்த பிறகு அவளும் தன் கையில் தானே இரண்டு முறை தட்டிக்கொள்கிறாளாம், மகள் சொன்னாள். அன்றைக்கு பஸ் ஜன்னலில் நீண்டிருந்த அந்தக் கை எனக்கு ஒரு முழ தூரத்தில்தான் இருந்தது. எத்தனை நல்ல லைன் போட்டும் அந்த ஒரு முழத்தை மட்டும் இன்னும் என்னால் கடக்க முடியவில்லை.