நஃபீஸத் முற்றும் போட்ட கதை

ஒரே புத்தகத்தில் முடிகிற கதை உசத்தியா, பாகம் பாகமாக வளர்கிற கதை உசத்தியா என்று திருநெல்வேலி டவுனில் வேட்டி மடிப்புக் கலையாத பெரிய மனிதர்கள் காபியும் பஜ்ஜியுமாகக் கூட்டம் போட்டுப் பேசிக்கொண்டிருந்த காலம் அது. தொண்ணூற்று மூன்றோ நான்கோ. கடைசியில் இரண்டும் உசத்திதான் என்று முடிவு பண்ணிவிட்டு எல்லோரும் பஸ் ஏறிப் போனார்கள். ஆற்றைத் தாண்டி மேலப்பாளையத்தில் வந்து நஃபீஸத்தைக் கேட்டிருந்தால் பஜ்ஜிச் செலவாவது மிஞ்சியிருக்கும். அவர்களுக்கு அது பொழுதுபோக்கு, அவளுக்கு வயிற்றுப்பாடு.

நஃபீஸத்துக்குப் பீடி சுற்ற வராது. மேலப்பாளையத்தில் பிறந்த பெண்ணுக்கு இது எத்தனை பெரிய குறை என்று வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது. உள்ளங்கை வியர்க்கும், இலை நமுத்துப்போகும். அவள் சுற்றிய பீடியைக் கடையில் கணக்கப்பிள்ளை ஒரு தட்டுத் தட்டினால் தூள் பூராவும் மேஜையில் கொட்டிவிடும். புருஷன் மௌத்தாகி வருஷக்கணக்காகிறது, பிள்ளை குட்டியும் கிடையாது. ஒழுங்காகப் பீடி கொடுக்காவிட்டால் கடையில் கணக்கு அட்டையைப் பிடுங்கிவிடுவார்கள், அது கையை விட்டுப் போனால் அடுப்பு எரியாது. ஆனால் அவள் எட்டாவது வரை படித்தவள். தட்டுத் தடுமாறாமல், ஆளுக்கொரு குரலில் கதை படிப்பாள். மதியச் சோறு முடிந்ததும் தெருப் பெண்கள் இலையும் தூளும் வைத்த சுளகைத் தூக்கிக்கொண்டு அவள் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். அவள் படிப்பாள், அவர்கள் சுற்றுவார்கள். எழுந்து போகும்போது ஆளுக்குக் கொஞ்சம் பீடியை அவள் சுளகில் போட்டுவிட்டுப் போவார்கள். அதைத்தான் அவள் கடையில் கொண்டு கொடுப்பாள். இந்த வயசில் இவளுக்கு எப்படிக் கை வந்தது என்று கணக்கப்பிள்ளைக்கு ஒரே ஆச்சரியம்.

ஆகையால் நஃபீஸத் தொடர்கதைக் கட்சி. இதில் இலக்கிய ரசனைக்கு ஒரு வேலையும் இல்லை. சட்டென்று முடிகிற மாத நாவலைப் படித்தால் மறுநாள் பாதிப் பேர் கேபிள் டிவி இருக்கிற வீட்டுக்குப் போய்விடுவார்கள். வாரப் பத்திரிகையில் வந்ததைக் கிழித்துத் தைத்த பைண்டாக இருந்தால் கவலையில்லை. கதாநாயகி கிணற்று விளிம்பில் ஒரு காலைத் தூக்கி வைத்த இடத்தில் நிறுத்தினால், மறுநாள் அடைமழை பெய்தாலும் எல்லாச் சுளகும் வந்து சேரும். எங்கே நிறுத்துவது என்ற விஷயத்தில் பேர்பெற்ற எழுத்தாளர்களுக்கே அவள் பாடம் நடத்தலாம். "எனக்கு மவுத்து வார வரைக்கும் ஓடுத கதையாப் பாத்து எடுத்துட்டு வா பிள்ளே" என்று கூட்டத்திலேயே மூத்தவளான செய்யதம்மாள் சொல்லுவாள்.

எதிர்க்கட்சி அக்தர் பானு, அடுத்த வீட்டுக்காரி. தெருவில் அவளைப் போலக் கை ஓடுகிறவள் கிடையாது. நஃபீஸத்தின் சுளகில் விழும் பீடியில் பெரும்பங்கு அவளுடையது. அவள் புருஷன் நாசர் சவூதியில் தம்மாமில் இருந்தான்.

"எனக்கு முடியுத கத வேணும் லாத்தா," என்றாள் பானு ஒரு நாள். "தொடரும் தொடரும்னு எங்க வீட்டுலயே நடக்கு. அடுத்த பெருநாளைக்கு வாரேன்னு அந்த மனுசன் சொல்லுதாரு, பெருநாளுதான் வருது. இங்கனயாவது ஒண்ணு முடியட்டும். இல்லன்னா நான் எங்க வீட்டுலயே இருந்து சுத்திக்கிடுதேன்."

நஃபீஸத் தன் கொள்கையை உட்கார்ந்த இடத்திலேயே மாற்றிக்கொண்டாள். கட்சி மாறுகிறவர்கள்கூட ஒரு நாள் யோசிப்பார்கள். பஜாரில் வாடகைக்குப் புத்தகம் கொடுக்கும் கடைக்குப் போய் இருக்கிறதிலேயே மெல்லிசாக ஒரு நாவலை எடுத்து வந்தாள். கோயம்புத்தூரில் பேங்க் குமாஸ்தா ஒருவன், பெண்டாட்டியோடு சண்டை போட்டுப் பிரிந்து, பிறகு சேர்ந்துவிடுகிற கதை. மறுநாளே முற்றும் வந்துவிட்டது.

"அதெப்படி?" என்றாள் செய்யதம்மாள். "அந்த மாமியாக்காரி சும்மாவா விட்டுருப்பா?"

சும்மா விட்டிருக்க மாட்டாள் என்றுதான் எல்லோருக்கும் பட்டது. நஃபீஸத்துக்கு நாளைய காலிச் சுளகு கண்ணில் தெரிந்தது. "இன்னும் இருக்கு. பக்கம் ஒட்டிக்கிட்டுல்லா இருந்துச்சு," என்று சொல்லிவிட்டாள்.

அவ்வளவுதான், மறுநாள் முதல் அந்த மெல்லிசுப் புத்தகத்தைக் கையில் விரித்து வைத்துக்கொண்டு தன் மனசிலிருந்தே படிக்க ஆரம்பித்தாள். மாமியார் பேராசைப்பட்டாள், குமாஸ்தா வேலையை விட்டுவிட்டு சவூதிக்குப் பிளேன் ஏறினான். போகப் போக அவனுக்கு மேலப்பாளையத்துப் பேச்சு வந்துவிட்டது, பேச்சுக்கு நடுவில் பொறுமைக்கு 'சபர்' என்றான். பெண்டாட்டி நோன்புக் கஞ்சி காய்ச்சினாள். ஒருத்தியும் ஆட்சேபம் சொல்லவில்லை. பானுகூட ஒன்றும் சொல்லவில்லை.

சிக்கல் என்னவென்றால், குமாஸ்தாவைக் கொல்லவும் முடியாது, ஊருக்குக் கொண்டுவரவும் முடியாது. எதைச் செய்தாலும் கதை முடிந்துவிடும். அவன் வராமல் இருப்பதற்கு வாரம் ஒரு காரணம் வேண்டும். அதற்கு நஃபீஸத் ரொம்பத் தூரம் போகவில்லை. நாசர் தம்மாமிலிருந்து கடிதத்துக்குப் பதிலாகப் பேசிப் பதிந்து கொடுத்துவிடும் கேசட்டைப் பானு அடுத்த வீட்டில் போட்டுக் கேட்பாள். நடுச்சுவர் மெல்லிசு. கற்பனை வறண்ட நாளில் அந்தச் சுவரில் காதை வைத்தால் போதும். களவுதான், அவளுக்குத் தெரியாமல் இல்லை.

ஒரு நாள் மதியம் குமாஸ்தா சொன்னான்: "இந்த வருசமும் அரபி பாஸ்போர்ட்டக் குடுக்க மாட்டேங்கான். சின்ன மவளுக்கு வளையல் அனுப்புதேன். நீ சபரா இரு."

பானுவின் கை நின்றது. போன வாரக் கேசட்டில் வந்த வார்த்தை அப்படியே இருந்தது, வளையல்கூட மாறவில்லை. அவள் எழுந்து வந்து புத்தகத்தை வாங்கினாள். எழுத்துத் தெரியாதவள், ஆனாலும் இலைக்கட்டைப் பிடித்துப் பார்க்கிற மாதிரி இரண்டு விரலுக்கு நடுவில் பிடித்துப் பார்த்தாள்.

"இவ்வளவுதான் இருக்கு. நோன்புக்கு முந்தி ஆரம்பிச்சது, ரெண்டு பெருநாளும் போயிட்டு. எப்படி இன்னும் முடியல?"

கதை புத்தகத்தைத் தாண்டிவிட்டது என்பது முதல் வாரத்திலிருந்தே எல்லோருக்கும் தெரியும். உண்மைக்காக நல்ல கதையைக் கெடுத்துக்கொள்ள அந்தத் தெருவில் ஆளில்லை. "நீ சுத்து பிள்ளே, கத நல்லாத்தான போவுது," என்றாள் செய்யதம்மாள் பைய.

பானு புத்தகத்தை நஃபீஸத்தின் மடியில் வைத்தாள்.

"அவர ஊருல கொண்டு எறக்கு லாத்தா. இன்னைக்கே எறக்கு. இல்லன்னா நாளையிலேருந்து என் சுளகு இங்கன வராது."

நஃபீஸத்துக்கு வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது. பானு போனால் அட்டை போகும், கதை முடிந்தாலும் அதே கதிதான். புத்தகத்தை விரித்தாள்.

அவனைத் திருவனந்தபுரத்தில் பிளேனை விட்டு இறக்கினாள். கயிறு கட்டிய பெட்டிகளோடு டாக்ஸியில் ஏற்றினாள். நாகர்கோவில் தாண்டி, வள்ளியூர் தாண்டி, கோயம்புத்தூரை மறந்து மேலப்பாளையத்துத் தெருமுனையில் கொண்டு நிறுத்தினாள். தலை நரைத்திருந்தது. சின்னவள் யாரோ என்று பயந்து உள்ளே ஓடினாள். பெண்டாட்டி வாசலுக்கு வந்தாள். வந்தவனைப் பார்த்தாள். கேட்டாள்:

"எத்தன நாள் லீவு?"

எல்லாக் கையும் நின்றுவிட்டது. அந்தத் தெருவில், வெளிநாட்டில் சம்பாதிக்கப் போன சபராளி வீடு எதிலும் முதலில் கேட்கிற கேள்வி அதுதான். ரெண்டு மாசம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவன் திரும்பப் போவான், கதை இன்னும் ஒரு வருஷம் ஓடும், நஃபீஸத்தின் சுளகும் நிறையும். பானு அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"'லீவு இல்ல. முடிச்சிட்டு வந்துட்டேன். இனி போகல'ன்னு சொன்னான்," என்று படித்தாள் நஃபீஸத். "முற்றும்."

புத்தகத்தை மூடினாள். கை வியர்த்து அட்டை ஈரமாகியிருந்தது. செய்யதம்மாள் கோபமாக முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பானு மறைக்காமலே அழுதாள். பிறகு முந்தானையால் துடைத்துக்கொண்டு, அன்றைக்குச் சுற்றியது அத்தனையையும் நஃபீஸத்தின் சுளகில் சரித்துவிட்டு வெளியே போனாள். வாசல்வரை போனவள் நின்றாள்.

"நாளைக்கும் இதையே படி லாத்தா," என்றாள். "அவரு பிளேன் எறங்குத எடத்துலேருந்து."