வோபர்ன் சந்தியில் பதினொரு பேர்

"இனிப் பிள்ளையளின்ரை கோட்டும் நேவிதானாம், அன்ரி" என்று வாகீசன் சொன்னபோது மங்கையற்கரசி சட்டென்று தெருவைத் திரும்பிப் பார்த்தார். ஊரில் நேவி, கடற்படை, என்று கேட்டாலே கடற்கரையை விட்டு ஓடியவர் அவர்.

"அந்த நேவி இல்லை, கடும் நீலம்!" வாகீசன் விழுந்து விழுந்து சிரித்தான். அவனுடைய மகள் கஜனி சந்திப் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்பு.

புலம்பெயர்ந்து வந்த குளிர்நாட்டில், வோபர்ன் என்ற பகுதியில், அந்தக் கத்தோலிக்கப் பள்ளிக்கூடத்துச் சந்தியில் பிள்ளைகளைத் தெருக் கடத்திவிடுவது மங்கையற்கரசியின் வேலை. கையில் 'ஸ்டொப்' பலகை, வாயில் விசில், பன்னிரண்டு வருடம். ஒரு பிள்ளைக்கும் ஒரு கீறல் விழவில்லை. அதை அவர் யாரிடமும் சொல்வதில்லை. சொன்னால் கண்பட்டுவிடும்.

எல்லாருக்கும் ஒரே நிறக் கோட்டு என்ற விதி நல்லெண்ணத்தில் வந்ததுதான். விலைகூடிய ஜக்கெற் போட்டவர்கள் மற்றவர்களைப் பகிடி பண்ணிச் சிரித்தார்கள். அதிபர் மிஸிஸ் மக்டலீன் அதை நிறுத்த நினைத்தார். பகிடி நின்றது. கூடவே பிள்ளைகளும் மறைந்துபோனார்கள். டிசம்பரில் எட்டு மணிக்கும் முழுதாக விடியாது. முன்பு சிவப்பும் மஞ்சளுமாய் வந்து நின்ற கூட்டம் இப்போது இருட்டின் ஒரு துண்டாய் நின்றது.

ஒரு செவ்வாய்க்கிழமை, தூறலுக்குள் வலப்பக்கம் திரும்பிய வான் வண்டி ஒன்று கஜனிக்கு ஒரு முழம் தள்ளிக் கிரீச்சிட்டு நின்றது. காணவேயில்லை என்று சாரதி திரும்பத் திரும்பச் சொன்னான். அவன் பொய் சொல்லவில்லை என்பதுதான் மங்கையற்கரசியைப் பயமுறுத்தியது.

அன்றே வாகீசனைக் கூட்டிக்கொண்டு அதிபரிடம் போனார். கோட்டில் வெளிச்சம் பட்டால் மின்னுகிற பட்டி ஒன்று ஒட்டலாமா? கூடாது என்றார் அதிபர். ஒன்றை விட்டால் நாளைக்கு எல்லாரும் ஒவ்வொன்று கேட்பார்களாம்.

"அப்ப நாளைக்குக் காலமை அஞ்சு நிமிசம் சந்திக்கு வரச் சொல்லு, தம்பி. வேறை ஒண்டும் வேண்டாம்" என்றார் மங்கையற்கரசி. வாகீசன் அதை ஆங்கிலத்தில் சொன்னான்.

மறுநாள் வாகீசன் தெருவுக்கு இந்தப் பக்கம் காரை எதிர்ப்பக்கம் பார்க்க நிறுத்தி லைற்றைப் போட்டான். முன்சீற்றில் அதிபர். எதிர்ப்பக்க நடைபாதையில் மங்கையற்கரசி பிள்ளைகளை நிரையாய் நிறுத்தியிருந்தார்.

எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று வாகீசன் கேட்டான். அதிபர் கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தார். ஐந்து என்றார். பிறகு ஆறு. ஆறுதான் என்று உறுதியாய்ச் சொன்னார்.

வாகீசன் ஹோர்னை ஒருமுறை அடித்தான்.

"சிப்பை இழுங்கோ, பிள்ளையள்!" என்று மங்கையற்கரசி குரல் கொடுத்தார்.

கோட்டுகள் திறந்தன. உள்ளேயிருந்த வெள்ளைச் சட்டைகள், இருட்டுக்குப் பல் முளைத்ததுபோல், ஒன்றன்பின் ஒன்றாய் வெளிச்சத்தில் வந்தன. பதினொன்று.

"ஐயோ, குளிருது அன்ரி!" கஜனி கத்தினாள்.

"பொறடி, மிஸ் எண்ணி முடிக்கட்டும்."

அதிபர் விரலை நீட்டி, இடப்பக்கமிருந்து மறுபடி எண்ணினார். எண்ணி முடித்ததும் காரைவிட்டு இறங்கினார்.

வெள்ளிக்கிழமை வீடுகளுக்குக் கடிதம் போனது. எல்லாக் கோட்டுக்கும் கையிலும் முதுகிலும் மின்னுகிற வெள்ளி நிறப் பட்டி, கட்டாயம்.

"விதியைத் தளர்த்தச் சொன்னா, இன்னொண்டைக் கூட்டிப்போட்டா!" என்றான் வாகீசன்.

"கூட்டட்டும்."

திங்கட்கிழமையும் தூறல். அதே வான் அரைத் தெரு தள்ளியே வேகத்தைக் குறைத்தது. பிள்ளைகள் மினுங்கி மினுங்கித் தெருவைக் கடந்தார்கள். கடைசிப் பிள்ளையும் போனபிறகு, தன் கோட்டின் கையிலும் புதுப் பட்டியோடு அவசரமாய் வந்த அதிபர் தெருவில் காலை வைத்தார். மங்கையற்கரசி பலகையை அவருக்கு முன்னால் நீட்டினார்.

"வெயிற், மிஸ். இன்னும் பச்சை லைற் விழேல்லை."

அதிபர் நடைபாதைக்கு ஏறினார். வான் போனது.